உங்களுக்குத் தெரியுமா? வில்லிபுத்தூர் வில்லன்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள், பெரிய தேர், பால்கோவா நினைவுக்கு வரும். ராஜபாளையம் என்றால் வெள்ளை வேட்டைநாயும் நூல் மில்லும். இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் கண்ணயர்வதற்குள் இறங்க வேண்டியிருக்கும். இந்த இரண்டு ஊரையும் ஓர் அசுரன் சத்தமில்லாமல் இணைத்து வைத்திருக்கிறான். பெயர் காலநேமி. ராவணனையும் துரியோதனனையும் போலக் கூத்துமேடை கண்டவன் இல்லை. உபன்யாசத்தில் அரை வாக்கியத்தில் வந்துவிட்டுப் போய்விடுவான். அந்த அரை வாக்கியத்தைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் ஒரு குடும்பமே வெளியே வருகிறது. இந்த இதழில் அவனும், அவன் உறவும், அவன் பெயரை வைத்துக்கொண்டவர்களும்.

◆

வில்லிபுத்தூருக்குப் பெயர் வந்த கதையிலேயே காலநேமி இருக்கிறான். மல்லி என்ற அரசிக்கு வில்லி, கண்டன் என்று இரண்டு பிள்ளைகள். வேட்டைக்குப் போன இடத்தில் கண்டனைப் புலி அடித்துவிட்டது. அது தெரியாமல் காடெல்லாம் தேடிய வில்லி, களைத்துப்போய் ஒரு மரத்தடியில் தூங்கிவிட்டான். கனவில் பெருமாள் வந்தார். கண்டனுக்கு நேர்ந்ததைச் சொன்னார். கையோடு இன்னொன்றும் சொன்னார்: காலநேமி என்ற அசுரனை வதம் செய்வதற்காகத் தான் இங்கே எழுந்தருளப் போவதாகவும், ஆலமரத்தடியில் வடபத்ரசாயி என்ற பெயரோடு இருக்கப் போவதாகவும், காட்டைத் திருத்தி நாடாக்கிக் கோயில் கட்டும்படியும். செலவுக்குப் பொன் எந்தக் குகையில் இருக்கிறது என்பதையும் காட்டிக் கொடுத்தார் என்கிறது தலபுராணம். வில்லி உண்டாக்கிய புது ஊர் வில்லிபுத்தூர்.

கூடப் பிறந்தவனைப் புலிக்குப் பறிகொடுத்தவனிடம் அசுர வதத்தைப் பற்றியும் கட்டட வேலையைப் பற்றியும் பேச அதுதானா நேரம் என்று எனக்குத் தோன்றும். தலபுராணங்களுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

◆

அந்த அரசியின் பெயர் இன்னும் அழியவில்லை. சிவகாசி போகும் வழியில் மல்லி என்றே ஓர் ஊர் இருக்கிறது. புலியும் போய்விடவில்லை. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஐந்தாவது, இந்தியாவில் 51-ஆவது. அதற்கு முன்பே, 1988 முதல், இந்த மலைக்காடு சாம்பல் நிற அணிலுக்கான சரணாலயம். கதையில் வந்த அரசிக்கு ஓர் ஊர், புலிக்கு ஒரு காப்பகம். அசுரனுக்குத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

◆

வதம் செய்ய வந்தவர் படுத்திருக்கிறார் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நரசிம்மர் கோயில் என்றால் மடியில் இரணியன் கிடப்பான். திருச்செந்தூர் என்றால் சூரசம்ஹாரம் கடற்கரையில் ஆண்டுதோறும் நடக்கும். வடபத்ரசாயியோ ஆதிசேஷன்மேல் சயனக் கோலம். ஸ்ரீதேவி, பூதேவி, பிருகு, மார்க்கண்டேயர் எல்லாரும் உடனிருக்கிறார்கள். சண்டைக்குக் கிளம்பிய அடையாளமே இல்லை. வேலை முடிந்து படுத்த களைப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

◆

தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் வில்லிபுத்தூர்க் கோபுரம் என்று எல்லாருக்கும் தெரியும். அது ஆண்டாள் சந்நிதிக் கோபுரம் இல்லை, வடபத்ரசாயி கோயிலுடையது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பதினொரு நிலை, 192 அடி. முத்திரையை வரைந்தவர் ஆர். கிருஷ்ணா ராவ் என்ற ஓவியர், ஆண்டு 1949. அவர் மாதிரியாக வைத்துக்கொண்டது மதுரை மேற்குக் கோபுரம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. வில்லிபுத்தூரில் இருந்துகொண்டு அதை உரக்கச் சொல்லாமல் இருப்பது நல்லது.

ஆக, தாலுகா ஆபீஸ் சான்றிதழில் அந்தக் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் பார்ப்பது, தலபுராணப்படி, காலநேமியைக் கொல்ல வந்தவரின் வாசலை.

◆

சரி, யார் இந்தக் காலநேமி? ஹரிவம்சம் சொல்லும் கணக்கு: நூறு தலை, நூறு கை. பிரகஸ்பதியின் மனைவி தாரையை முன்னிட்டு மூண்ட பெரும் போரில், தேவர் பக்கம் கிட்டத்தட்ட வென்றுவிட்ட வேளையில் அசுரர் பக்கம் இறங்கியவன். இந்திரனையும் மற்றவர்களையும் அடித்து உட்காரவைத்துவிட்டு, அவரவர் பதவியைத் தானே எடுத்துக்கொண்டான். கடைசியில் விஷ்ணுவின் சக்கரம் நூறு கையையும் நூறு தலையையும் சீவித் தள்ளியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. தலையும் கையும் போன பிறகும் உடல் விழவில்லை. முண்டம் போர்க்களத்தில் அப்படியே நின்றது. கருடன் வந்து மார்பால் மோதித் தள்ளிய பிறகுதான் சாய்ந்தது. இத்தனை முரண்டு பிடித்துச் செத்தவன் நம் புராணங்களில் அதிகம் இல்லை.

◆

பாகவதத்தில் அவனுக்கு வேறு சாவு. பாற்கடல் கடைந்த பிறகு வந்த சண்டையில், சிங்கத்தின்மேல் வருகிறான். கருடனின் தலையைக் குறிவைத்துச் சூலத்தை எறிகிறான். பெருமாள் அதை வந்த வேகத்திலேயே பிடித்துத் திருப்பி எறிகிறார். அவனும் போனான், சிங்கமும் போயிற்று. ஒரே ஆள் இரண்டு நூலில் இரண்டு விதமாகச் சாகிறானே என்று கேட்டால், மூன்றாவதாக வில்லிபுத்தூரிலும் ஒரு சாவு இருக்கிறதே என்று பதில் வரும்.

◆

செத்தவன் சும்மா இருக்கவில்லை. அடுத்த பிறவியில் அவன்தான் கம்சன். விஷ்ணு புராணம், ஹரிவம்சம், பாகவதம் மூன்றும் இதில் ஒத்துப்போகின்றன.

இங்கே ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஹரிவம்சத்தின்படி காலநேமிக்கு ஆறு பிள்ளைகள். ஆறு பேரும் சேர்ந்து பிரம்மாவை நோக்கித் தவம் இருந்து வரம் வாங்கினார்கள். ‘என்னை விட்டுவிட்டு அவரிடம் எப்படிப் போனீர்கள்’ என்று இரணியகசிபுவுக்குக் கோபம். ‘உங்களைப் பெற்ற அப்பனே உங்களைக் கொல்லட்டும்’ என்று சபித்தான். அப்பன்தான் விஷ்ணுவின் கையால் செத்துப்போனானே, சாபம் எப்படிப் பலிக்கும்? பலித்தது. பாதாளத்தில் தூங்கிக்கொண்டிருந்த அந்த ஆறு பேரின் உயிரை எடுத்து யோகநித்திரையிடம் கொடுத்தார் விஷ்ணு. அவள் ஒவ்வொன்றாகத் தேவகியின் வயிற்றில் வைத்தாள். மதுரா சிறையில் பிறந்த முதல் ஆறு குழந்தைகளும் அவர்கள்தான். அவர்களைக் கல்லில் அறைந்த கம்சன், முற்பிறவியில் அவர்களைப் பெற்ற காலநேமி.

பாகவதம் இந்த ஆறு பேருக்கும் வேறு பூர்வகதை சொல்கிறது: மரீசியின் பிள்ளைகளாக இருந்து பிரம்மாவைப் பார்த்துச் சிரித்ததால் வந்த வினை. ஆனால் பாகவதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. முதல் குழந்தையைக் கம்சன் கொல்லாமல் திருப்பித்தான் கொடுத்தான். பிறகு நாரதர் வந்து போகிறார். ‘நீ முன்பு காலநேமி, உன்னைக் கொன்றவன் விஷ்ணு’ என்பது அப்போது கம்சனுக்குத் தெரிய வருகிறது. அதன் பிறகுதான் கொலை தொடங்குகிறது. இரண்டு நூலையும் சேர்த்து வைத்துப் படித்தால், தான் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் குழந்தைகள் யார் என்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை. நாரதர் பாதியைச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். வழக்கம்தான்.

◆

வில்லிபுத்தூரில் பிறந்த பெரியாழ்வாருக்குக் கம்சன்மேல் வெறுப்பைவிடப் பயம் அதிகம். யசோதையாகத் தன்னை வைத்துப் பாடும் பாசுரங்களில், ‘கம்சன் உன்மேல் கோபமாக இருக்கிறான், அசந்த நேரம் பார்த்து ஏதாவது சூழ்ச்சி செய்துவிட்டால் நான் உயிரோடு இருக்க மாட்டேன்’ என்கிற தாயின் பதற்றம் திரும்பத் திரும்ப வரும். வண்டியாக வந்த சகடாசுரனையும் கம்சன் ஏவியது என்று மறக்காமல் குறித்து வைக்கிறார். உலகத்தைக் காப்பவருக்கே திருஷ்டி பட்டுவிடக் கூடாது என்று பல்லாண்டு பாடியவர் அல்லவா? அவர் பாடிய காலத்துக்கு யுகங்களுக்கு முன்பே கம்சன் செத்துப்போய்விட்டான். பெற்ற மனத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் புரியாது.

◆

மகள் வேறு மாதிரி. ஆண்டாளுக்கு அசுரர்கள்மேல் பயமே இல்லை, கிண்டல்தான்.

திருப்பாவையின் முப்பது பாட்டுக்குள் அசுரர்களும் அரக்கர்களும் வரிசையாக வந்து அடிபடுகிறார்கள். பூதனை வருகிறாள், சகடம், குதிரையாக வந்த கேசி, மல்லர்கள், கொக்காக வந்தவன், கன்றாக வந்தவன், விளாமரமாக நின்றவன் எல்லாரும் வருகிறார்கள். ஆனால் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுபவர்கள் இரண்டே பேர்: பத்தாம் பாட்டில் கும்பகருணன், இருபத்தைந்தாம் பாட்டில் கம்சன். அதிலும் கும்பகருணன் வருவது எதற்கு? விடிந்தும் எழுந்திருக்காத ஒரு தோழியைச் சீண்டுவதற்கு. ‘தூக்கப் போட்டியில் உன்னிடம் தோற்று, தன் தூக்கத்தையும் உனக்கே கொடுத்துவிட்டுப் போனானோ’ என்கிற மாதிரிக் கேலி.

ராவணனுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. தென்னிலங்கைக்கு அரசன், பொல்லாத அரக்கன் என்பதோடு சரி. பெயரைச் சொல்ல ஆண்டாளுக்கு வாய் வரவில்லை. தம்பிக்குப் பெயர் உண்டு, அண்ணனுக்கு இல்லை.

கம்சன் பெயர் வருகிறது என்றால், மறுபிறவிக் கணக்கில் காலநேமி திருப்பாவைக்குள் நுழைந்துவிட்டான் என்று அர்த்தம். சொந்த ஊர் அசுரன், சொந்த ஊர்ப் பாட்டில். வேறு பெயரில்.

◆

சொந்தப் பெயரிலேயே அவன் திவ்யப் பிரபந்தத்தில் இருக்கிறான். ஆனால் பாடியவர் வில்லிபுத்தூர்க்காரர் இல்லை. திருமழிசையாழ்வார், திருச்சந்த விருத்தத்தில், காலநேமிக்குக் காலனாக வந்தவனே என்று பெருமாளை விளிக்கிறார்.

◆

பாஞ்சசன்னியம் ஓர் அசுரனின் உடலில் வளர்ந்தது. பஞ்சசனன் என்பவன் கடலுக்கடியில் சங்கு வடிவில் இருந்தவன். குருவின் பிள்ளையைத் தேடிப் போன கண்ணன் அவனைக் கொன்று சங்கை எடுத்துக்கொண்டான். நாச்சியார் திருமொழியின் ஏழாம் திருமொழி முழுக்க அந்தச் சங்கிடம் ஆண்டாள் கேட்கும் கேள்விகள்: அவன் வாயின் வாசனை எப்படி, சுவை எப்படி? கேட்கிற கையோடு, ‘நீ அசுரன் உடம்பில் வளர்ந்தவன்தானே’ என்று சங்கின் பூர்வீகத்தையும் குத்திக் காட்டிவிடுகிறாள். பொறாமை. பதினாறாயிரம் பேருக்கு உரியதை நீ ஒருவனே அனுபவிக்கலாமா என்று சண்டைக்கே வந்துவிடுகிறாள்.

அதே நாச்சியார் திருமொழியில் சிசுபாலன் பெயரோடு வருகிறான். கல்யாண ஏற்பாடெல்லாம் செய்துவிட்டு, ருக்மிணியைக் கைப்பிடிக்கப் போகிறோம் என்று நிச்சயமாக உட்கார்ந்திருந்தவன். கல்யாணக் கனவு கண்ட ஆண்டாளுக்கு அவனை மறக்க முடியாதது இயல்பு.

◆

இப்போது காலநேமியின் மகள்.

ஆண்டாள் கிடைத்த இடம் வடபத்ரசாயி கோயிலுக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் நடுவே இருக்கும் நந்தவனம். ஆடிப்பூரத்தன்று பெரியாழ்வார் துளசிச் செடியின் அடியில் குழந்தையைக் கண்டெடுத்தார். இந்தக் கதை தெரியாதவர் இல்லை. துளசியின் கதை?

சிவபுராணத்தில் ஜலந்தரன் என்ற அசுரன். அவன் மனைவி பிருந்தை. அவளுடைய கற்பு இருக்கும்வரை அவனை யாராலும் வெல்ல முடியாது. விஷ்ணு ஜலந்தரனின் உருவத்தில் வந்து அவளை ஏமாற்றுகிறார். உண்மை தெரிந்ததும் அவள் சபிக்கிறாள்: ‘மாயவேடம் போட்ட அரக்கர் உன் மனைவியைக் கவர்ந்து போவார்கள். நீ துயரப்பட்டு, வானரங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு காட்டில் அலைவாய்.’ சொல்லிவிட்டுத் தீயில் இறங்கிவிடுகிறாள். சாம்பலருகே பித்துப் பிடித்தவர்போல உட்கார்ந்திருந்த விஷ்ணுவைத் தேற்ற முளைத்த செடிகளில் ஒன்றுதான் துளசி. பிருந்தையே துளசி ஆனாள் என்று சுருக்கமாகச் சொல்வது நாம் கேட்டு வளர்ந்த வடிவம். பெருமாளுக்கு எதைச் சாத்தினாலும் துளசி இல்லாமல் நிறைவதில்லை என்பதற்கும் இதைத்தான் காரணம் காட்டுவார்கள்.

அந்தப் பிருந்தையின் அப்பா பெயரைச் சிவபுராணம் சொல்கிறது. காலநேமி.

தேவி பாகவதம் போன்ற நூல்களில் துளசிக்கு வேறு பிறப்பு, வேறு கணவன். ஆனால் இந்த வழியைப் பிடித்துக்கொண்டு வில்லிபுத்தூர் நந்தவனத்துக்கு வந்தால் மலைப்பாக இருக்கிறது. அப்பனைக் கொல்ல வந்தவருக்குக் கோயில். அதே வளாகத்து மண்ணில் மகள் செடியாக நிற்கிறாள். அவள் மடியில் ஆண்டாள் கிடைக்கிறாள். புரட்டாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்குத் திருப்பதி போகும் ஆண்டாள் மாலையிலும், சித்ரா பௌர்ணமிக்கு வைகையில் இறங்கும் கள்ளழகருக்குப் போகும் மாலையிலும் துளசி உண்டு. தலபுராணம் எழுதியவர் இதையெல்லாம் யோசித்துத்தான் காலநேமியைத் தேர்ந்தெடுத்தாரா, தற்செயலா? எனக்குத் தற்செயல் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

◆

வில்லிபாரதம் எழுதிய வில்லிபுத்தூரார் வில்லிபுத்தூர்க்காரர் இல்லை! திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். பெரியாழ்வார்மேல் இருந்த பக்தியில் அப்பா வைத்த பெயர் அது. வியாசரின் பதினெட்டுப் பருவங்களைப் பத்தாகச் சுருக்கி, போர் முடிந்ததோடு நூலையும் முடித்துவிட்டார். பாரதக் கூத்து பார்க்கிறவர்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

◆

பிருந்தையின் சாபம் பலித்து ராமாயணம் நடந்தது. சாபப்படியே வானரங்கள் துணைக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது ஒரு துண்டு விழுந்த இடம் ராஜபாளையம். ஊருக்குக் கிழக்கே நிற்கும் குன்றுக்குச் சஞ்சீவி மலை என்றுதான் பெயர். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல நிற்க, எதிர்ப்பக்கம் இது தனியாக நிற்பதைப் பார்த்தால் யாரோ போட்டுவிட்டுப் போனது என்று நினைக்கத் தோன்றுவது நியாயம்தான்.

இந்தப் பெயர் ஊர்க்காரர்களின் பெயரிலும் ஏறியிருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த, பிறகு ஒரிசா கவர்னரான ராஜபாளையத்துக்காரர் பூ.ச. குமாரசுவாமி ராஜாவின் பெயரில் உள்ள ‘ச’, சஞ்சீவி.

◆

அனுமன் சிந்திய துண்டுகளை எண்ணத் தொடங்கினால் மலையில் மிச்சம் ஏதாவது இலங்கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சந்தேகம் வரும். திண்டுக்கல் பக்கம் சிறுமலை, கன்னியாகுமரி மாவட்டத்தில் மருத்துவாழ்மலை, வத்திராயிருப்புக்கு மேலே சதுரகிரியில் ஒரு சஞ்சீவி மலை. கடல் தாண்டி இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் ருமஸ்ஸல குன்று. எல்லா இடத்திலும் மூலிகை உண்டு, எல்லா இடத்திலும் கதை ஒன்றே.

வால்மீகியைத் திறந்தால் இன்னொரு சங்கடம். இந்திரஜித்தின் பிரம்மாஸ்திரத்தால் எல்லாரும் விழுந்தபோது ஒரு தடவை, ராவணனின் சக்தி ஆயுதத்தால் லட்சுமணன் விழுந்தபோது ஒரு தடவை என்று அனுமன் மலையைத் தூக்கியது இரண்டு முறை. முதல் தடவை, வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டும் வந்தார். போகும்போது விழுந்ததா, வரும்போதா என்று ராஜபாளையத்தில் கேட்டுப் பாருங்கள்.

◆

அந்த மூலிகைக் காற்று பட்டுச் செத்த வானரங்கள் எழுந்தார்களே, அதே களத்தில் செத்த அரக்கர்கள் ஏன் எழுந்திருக்கவில்லை? வால்மீகிக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்கிறது. எத்தனை பேர் செத்தார்கள் என்று எதிரிக்குத் தெரிந்தால் மானக்கேடு என்று, விழுந்த அரக்கர்களை எல்லாம் அன்றன்றே கடலில் போடச் சொல்லிவிட்டான் ராவணன். உடல் இருந்திருந்தால் அவர்களும் பிழைத்திருப்பார்கள். தன் படையை ராவணன் இரண்டு முறை கொன்றான் என்று சொல்ல வேண்டும்.

◆

மலை எடுக்கப் போன வழியில்தான் இன்னொரு காலநேமி நிற்கிறான். இவன் அரக்கன். விஷ்ணு கொன்ற அசுரக் காலநேமியின் பெயர் வால்மீகியின் உத்தர காண்டத்திலேயே, ராவணன் காலத்துக்கு முந்திய பட்டியலில் வந்துவிடுகிறது. அதனால் இவன் வேறு ஆள். நம் பக்கம் வழங்கும் வால்மீகியில் அனுமனை வழிமறிக்கும் இந்தக் காட்சி இல்லை. அத்யாத்ம ராமாயணத்திலும் துளசிதாசரிடமும் உண்டு.

ராவணன் நடு இரவில் அவனைத் தேடிப் போகிறான். அனுமனைத் தடுத்து நிறுத்தச் சொல்கிறான். காலநேமி உடனே தலையாட்டவில்லை. ‘மாரீசனை அனுப்பினாய், போனான். என்னையும் அனுப்பினால் அதுவேதான். சீதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ராமனை நினைத்துக்கொண்டு நிம்மதியாக இரு’ என்று நீளமாகப் புத்தி சொல்கிறான். ராவணன் வாளை ஓங்குகிறான். அப்புறம் என்ன, முனிவர் வேடம் போட்டு, இமயத்து அடிவாரத்தில் ஆசிரமம் அமைத்து உட்கார்கிறான். தாகத்தோடு வந்த அனுமனைக் குளத்துக்கு அனுப்புகிறான். அங்கே ஒரு பெண் முதலை காலைக் கவ்வுகிறது. அனுமன் அதன் வாயைக் கிழிக்க, சாபம் நீங்கி அப்சரஸாக எழுந்து, ‘அந்த முனிவன் போலி’ என்று காட்டிக்கொடுக்கிறாள். திரும்பி வந்த அனுமன், குருதட்சிணை என்று சொல்லி ஒரு குத்து. கதை முடிந்தது.

கெட்டவன் என்று இவனைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ராவணன் முகத்துக்கு நேரே நியாயம் சொன்னவர்கள் மிகச் சிலர். விபீஷணன் சொல்லிவிட்டுக் கடல் தாண்டினான், பட்டம் கிடைத்தது. இவன் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான், குத்துதான் கிடைத்தது.

◆

அந்தக் குளம் இதுதான் என்று உத்தரப்பிரதேசத்தில் ஓர் ஊரே சொல்கிறது. சுல்தான்பூர் மாவட்டம், பிஜேதுவா மகாவீரன் கோயில். பக்கத்தில் இருப்பது மகரி குண்டம். முதலையின் பெயரில் தீர்த்தம், செவ்வாய்க்கிழமை கூட்டம்.

◆

அனுமனே வில்லனாக இருக்கும் ஊர் ஒன்று இருக்கிறது. உத்தராகண்டில் சமோலி மாவட்டத்து துரோணகிரி கிராமம். எங்கள் மலையைக் கேட்காமல் பெயர்த்துக்கொண்டு போனவர் என்று அங்கே அனுமனை வணங்குவதில்லை; அவருடைய சிவப்புக் கொடியும் ஏறாது. ராஜபாளையத்துக்குக் கிடைத்த மலைத்துண்டு, அவர்கள் கணக்கில் திருட்டுச் சொத்து.

◆

அதே உத்தராகண்டில் 2025 ஜூலையில் மாநில அரசு போலிச் சாமியார்களைப் பிடிக்கப் போலீஸை இறக்கியது. அந்த வேட்டைக்கு வைத்த பெயர்: ஆபரேஷன் காலநேமி. காவி கட்டி ஏமாற்றிய முதல் ஆள் என்ற பெயர் அவனுக்கே நிலைத்துவிட்டது. பர்ணசாலை வாசலில் சந்நியாசி வேடத்தில் பிச்சை கேட்டு நின்ற ராவணன் தப்பித்துவிட்டான்.

◆

சஞ்சீவி மலைக்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் கேட்கும். அங்கே நெய்வது வேட்டியோ சேலையோ இல்லை. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி. இந்தியாவின் பல ஆஸ்பத்திரிகளுக்கும் வெளிநாட்டுக்கும் இங்கிருந்து போகிறது. காயம் ஆற்றும் மலையின் நிழலில் காயம் கட்டும் துணி. ஜாம்பவான் அனுமனிடம் சொன்ன நாலு மூலிகையில் ஒன்று உடம்பில் தைத்த ஆயுதத்தை எடுக்க, ஒன்று பிளந்த சதையை ஒட்டவைக்க. கட்டுவதற்குத் துணி வேண்டும் என்று அவர் சொன்னதாக யாரும் எழுதவில்லை.

◆

இரண்டு ஊரையும் கடந்து போகும் தேசிய நெடுஞ்சாலை எண் 744. திருமங்கலத்தில் தொடங்கி, தென்காசி, செங்கோட்டை வழியாக மலை இறங்கிக் கொல்லத்தில் முடிகிறது. அந்தக் கொல்லம் மாவட்டத்துப் பொருவழியில், மலநடை என்ற இடத்தில், துரியோதனனுக்குக் கோயில் உண்டு. சிலை கிடையாது, ஒரு மேடை மட்டும். வனவாசத்தில் இருந்த பாண்டவரைத் தேடி வந்த துரியோதனன் தாகத்தோடு நின்றபோது, குறவர் இனத்து மூதாட்டி ஒருத்தி கள் கொடுத்தாளாம். கொடுத்தவள் என்ன சாதி என்று பார்க்காமல் வாங்கிக் குடித்தான். குடித்த பிறகு தெரிந்தும் முகம் சுளிக்கவில்லை. அந்த ஜனங்களுக்கே நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான் என்பது அங்கே சொல்லும் கதை. இன்றும் பூசாரி அந்தச் சமூகத்தவர்தான், முக்கிய நைவேத்தியம் கள்தான். மார்ச் மாதத் திருவிழாவில் ஆள் உயரத்தைப் பலமடங்கு தாண்டும் எடுப்புக் குதிரைகளைத் தோளில் தூக்கி வருகிறார்கள். துரியோதனனை அவர்கள் கூப்பிடுவது அப்பூப்பன், அதாவது தாத்தா. கோயில் நிலத்துக்கு வரி கட்டிய ரசீது துரியோதனன் பெயரில் வருகிறது.